குடல் பாக்டீரியா டெஸ்ட் கிட்டும் கூடவே வர்ற கேப்ஸ்யூலும்: அந்த 'பேரியர் ஸ்கோர்' உண்மையில எதை அளக்குது?

இப்போ நிறைய கம்பெனிங்க ஒரே மாதிரி ஒரு சர்வீஸ் விக்கிறாங்க. வீட்டுக்கே ஒரு டப்பா வரும், மலத்துல கொஞ்சம் சாம்பிள் எடுத்து குழாயில போட்டு திருப்பி அனுப்பணும், சில வாரம் கழிச்சு உங்க குடல்ல என்னென்ன பாக்டீரியா இருக்குன்னு ஆப்ல ரிப்போர்ட் வரும், அதை வச்சு "உங்களுக்காகவே தயாரிச்சது"ன்னு ஒரு ப்ரோபயோடிக் (நல்லது பண்ணும்னு சொல்ற உயிருள்ள பாக்டீரியா) கேப்ஸ்யூல் மாசாமாசம் வந்துட்டே இருக்கும். நான் எடுத்தது அதுல ஒண்ணு. பேர் போடல, ஏன்னா சொல்லப்போற குறைல முக்கால்வாசி இந்த வகை சர்வீஸ் எல்லாத்துக்குமே பொருந்தும், ஒருத்தரை மட்டும் மாட்டிவிட்டு மத்தவங்களை தப்பிக்க விட இஷ்டமில்ல.

கிட்டைப் பத்தி சுருக்கமா முடிச்சிடறேன். பேக்கிங் நீட்டா இருக்கு, படம் போட்டு விளக்கியிருக்காங்க, குழாய்க்குள்ள பாக்டீரியாவோட டிஎன்ஏ கெடாம இருக்க ஒரு திரவம் இருக்கு, அதனால ஃப்ரிட்ஜ் ஐஸ்னு அலைய வேண்டாம். அருவருப்பு படறவங்களுக்கும் கஷ்டமில்லாத மாதிரிதான் பண்ணியிருக்காங்க. இந்தப் பகுதிக்கு குறை சொல்ல எதுவும் இல்ல.

ரிப்போர்ட்தான் விஷயம். ஆப்பைத் திறந்த உடனே முதல் திரையிலயே பெருசா சிவப்பு கலர்ல ஒரு வட்டம், "குடல் பேரியர் ஸ்கோர்", எனக்கு நூத்துக்கு பாதிக்கும் கீழ, அதுக்கு அடியில "உங்கள் குடல் கசியக்கூடும், அழற்சி அபாயம் உயர்வு"ன்னு ஒரு வரி. படிச்சதும் யாருக்கா இருந்தாலும் வயித்துல புளியைக் கரைக்கும். அதுக்கு நேர் கீழயே கேப்ஸ்யூல் வாங்கற பட்டன் இருக்குன்னு தனியா சொல்லணுமா என்ன!

இந்த ஸ்கோர் மேல கோபப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும், இதுக்குப் பின்னாடி இருக்கற அறிவியல் டுபாக்கூர் இல்ல. குடல் பாக்டீரியாவுக்கும் குடல் தடுப்புக்கும் (ஆப்ல பேரியர்னு சொல்றது இதைத்தான்) உள்ள தொடர்பு போன 20 வருஷத்துல ரொம்ப நல்லா ஆராய்ச்சி பண்ணப்பட்ட விஷயம். ஆப்ல "மேலும் படிக்க"ன்னு ஒரு மூலையில தள்ளி வச்சிருக்கற கட்டுரைங்க கூட பாதிக்கு மேல சரியாத்தான் இருக்கு. ஆனா அந்த அறிவியலுக்கும் முதல் திரையில காட்டற நம்பருக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, அதை சத்தமில்லாம தாண்டிடறாங்க.

சரி, தடுப்புன்னா என்ன. குடலோட உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு செல் தடிமன்ல ஒரு படலம், அவ்ளோதான், அந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியா, இந்தப் பக்கம் நம்ம ரத்தமும் நோய் எதிர்ப்பு செல்லுங்களும். அந்த செல்லுங்க மூணுல இருந்து அஞ்சு நாளைக்குள்ள உதிர்ந்து புதுசா வந்துட்டே இருக்கும். பக்கத்து பக்கத்து செல்லை இறுக்கிப் பிடிச்சு வைக்க கிளாடின், ஆக்லூடின்னு புரோட்டீனுங்க இருக்கு, அந்த இணைப்பைத்தான் டைட் ஜங்ஷன்னு சொல்றாங்க. அதுக்கு மேல சளிப்படலம். பெருங்குடல்ல இது ரெண்டு அடுக்கு, வெளி அடுக்கு தளர்வா இருக்கும், பாக்டீரியா அங்கதான் குடியிருக்கும், உள் அடுக்கு அடர்த்தியா இருக்கறதால பாக்டீரியா கிட்டத்தட்ட உள்ள நுழையவே முடியாது. இந்த ரெட்டை அடுக்கு சமாச்சாரம் தெளிவா தெரிஞ்சதே 2008லதான், ஸ்வீடன் ஆராய்ச்சியாளருங்க எலியில காட்டினாங்க. சிறுகுடல்ல ஒரே அடுக்குதான், அங்க பேனத் செல்லுங்கன்னு ஒரு வகை பாக்டீரியாவைக் கொல்ற பெப்டைடுங்களை சுரந்து காவல் காக்கும். இது போக ஐஜிஏன்னு ஒரு ஆன்டிபாடி தினமும் சில கிராம் அளவுக்கு குடலுக்குள்ள சுரந்து பாக்டீரியா மேல ஒட்டிக்கும். ஆக தடுப்புன்னா இத்தனையும் சேர்ந்துதான், இதுல எந்த அடுக்கு பழுதாச்சுன்னு பாக்காம "கசியுது"ன்னு மொட்டையா சொன்னா அதுக்கு அர்த்தமே இல்ல.

ஆப்ல ஒரு இடத்துல குடலோட பரப்பு டென்னிஸ் மைதானம் அளவுன்னு எழுதியிருக்காங்க, இன்னொரு இடத்துல நம்ம உடம்பு செல்லை விட பாக்டீரியா பத்து மடங்குன்னு. ரெண்டும் பழைய கதை. 2014ல அளந்து பாத்ததுல பரப்பு சுமார் 32 சதுர மீட்டர்தான்னு வந்துச்சு, பாதி பேட்மின்டன் மைதானம் கூட வராது. 2016ல வந்த கணக்குப்படி சராசரி ஆம்பளைக்கு பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, உடம்பு செல்லுங்க சுமார் 30 லட்சம் கோடி, கிட்டத்தட்ட சரிக்கு சரி, மொத்த பாக்டீரியா எடையும் 200 கிராம் அளவுதான். சின்ன தப்புதான், ஆனா அறிவியல் பேரைச் சொல்லி விக்கறவங்க இதைக் கூட அப்டேட் பண்ணாம இருந்தா மீதி எழுதினதை எப்படி நம்பறது.

இப்போ பாக்டீரியா இதுல என்ன பண்ணுதுன்னா, முதல்ல பியூட்டிரேட். நம்மால செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்கு வந்ததும் சில பாக்டீரியாங்க அதை நொதிக்க வச்சு கொழுப்பு அமிலங்களா மாத்தும், அதுல ஒண்ணு பியூட்டிரேட். ஃபீகாலிபேக்டீரியம் ப்ராஸ்னிட்ஸி, ரோஸ்பூரியா இவங்க எல்லாம் இதுல கெட்டி. பெருங்குடல் செல்லுங்க தங்களோட எரிசக்தில சுமார் 70 சதவீதத்தை இந்த பியூட்டிரேட்ல இருந்துதான் எடுத்துக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுக்கு அடுத்தது: பியூட்டிரேட்டை எரிக்கும்போது செல்லு நிறைய ஆக்சிஜனை இழுத்துக்கும், அதனால செல்லோட மேற்பரப்புல ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா இருக்கும், அந்த நிலையில செல்லுக்குள்ள ஹிஃப்னு ஒரு புரோட்டீன் வேலை செய்ய ஆரம்பிச்சு தடுப்பை பலப்படுத்தற ஜீன்களைத் தூண்டும். அது மட்டுமில்ல, குடலுக்குள்ள ஆக்சிஜன் கசியாம இருந்தாத்தான் ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாங்க, அதாவது பியூட்டிரேட் தயாரிக்கற அதே ஆளுங்க, உயிரோட இருக்க முடியும். ஆன்டிபயாடிக் போட்டு அவங்களைக் காலி பண்ணிட்டா பியூட்டிரேட் குறையும், செல்லு வேற எரிபொருளுக்கு மாறிடும், ஆக்சிஜன் மிச்சமாகி குடலுக்குள்ள வரும், அதை வச்சு ஈ.கோலை, சால்மோனெல்லா வகையறா கும்பல் கும்பலா பெருகும். 2017ல எலியில இதைப் படிப்படியா காட்டியிருக்காங்க. பாக்டீரியா போனதால தடுப்பு கெட்டுச்சா, தடுப்பு கெட்டதால பாக்டீரியா மாறுச்சான்னு கேட்டா ரெண்டும் தான், ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டு சுத்துது.

அழற்சி பக்கம் வந்தா, பியூட்டிரேட் ரெகுலேட்டரி டி செல்லுங்கன்னு சொல்ற, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வைக்கற செல்லுங்களைப் பெருக்கும்னு 2013ல ஒரே நேரத்துல சில குழுக்கள் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. க்ரோன்ஸ்ங்கற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவங்ககிட்ட ஃபீகாலிபேக்டீரியம் கம்மியா இருக்குன்னு 2008ல ஃப்ரான்ஸ்ல காட்டினாங்க. இன்னொரு பக்கம் கிராம் நெகட்டிவ்ங்கற வகை பாக்டீரியாவோட வெளித்தோல்ல இருக்கற எல்பிஎஸ்ங்கற பொருள் தடுப்பைத் தாண்டி ரத்தத்துல கலந்தா டிஎல்ஆர்4னு ஒரு உணரி அதைப் பிடிச்சு அலாரம் அடிக்கும், சின்ன அளவுல நாள்கணக்கா அடிச்சிட்டே இருந்தா உடம்பு முழுக்க லேசான அழற்சி. கொழுப்பு அதிகம் போட்ட எலிங்ககிட்ட 2007ல பத்ரிஸ் கானியும் கூட இருந்த ஆராய்ச்சியாளருங்களும் இதைக் காட்டினாங்க. ஆப்ல எல்பிஎஸ்ஸை வில்லனா மட்டும் காட்டியிருக்காங்க. ஆனா பாக்டீரியாவோட சிக்னல் சுத்தமா வேண்டாம்னும் சொல்ல முடியாது, 2004ல யேல்ல நடந்த ஒரு ஆய்வுல பாக்டீரியாவை உணர்ற வழியையே அடைச்ச எலிங்களுக்கு குடல் காயம் ஆறாம இன்னும் மோசமாத்தான் போச்சு. எதிரியா நண்பனான்னு ஒரே வரியில முடிக்கற கதையா இது?

சரி இவ்ளோ விஷயம் இருக்கே, அப்புறம் என்ன பிரச்சனைன்னு கேப்பீங்க. பிரச்சனை என்னன்னா இந்த டெஸ்ட் மேல சொன்னதுல எதையுமே அளக்கல. மலத்துல இருக்கற பாக்டீரியா டிஎன்ஏவைப் படிச்சு யார் யார் எத்தனை சதவீதம்னு ஒரு பட்டியல் போடுது, அந்தப் பட்டியல்ல இருந்து தடுப்பு எப்படி இருக்கும்னு யூகிக்குது. வீட்டுக் குப்பையைக் கிளறிப் பாத்துட்டு அந்த வீட்டுக் கதவு பூட்டியிருக்கா திறந்திருக்கான்னு சொல்ற மாதிரி.

இதுல சிக்கல் பல தினுசு. சதவீதம்ங்கறதே முதல் சிக்கல். ஒரு பாக்டீரியா சதவீதம் குறைஞ்சா அது நிஜமாவே குறைஞ்சிருக்கலாம், இல்ல அது அப்படியே இருந்து மத்தது பெருகியிருக்கலாம், பட்டியலைப் பாத்து சொல்ல முடியாது. அடுத்து, என் ரிப்போர்ட் 16எஸ் முறையில (பாக்டீரியாவோட ஒரே ஒரு ஜீனை மட்டும் படிக்கற முறை) எடுத்தது, இது மலிவான முறை, பாக்டீரியா எந்த இனக்குழுன்னு நல்லா காட்டும், ஆனா எந்த ஸ்ட்ரெயின் (ஒரே வகைக்குள்ள இருக்கற தனித்தனி ரகம்), அதுகிட்ட என்ன ஜீன் இருக்குன்னு காட்டாது. பியூட்டிரேட் "உற்பத்தித் திறன்"னு ஒரு மீட்டர் போட்டிருக்காங்க பாருங்க, அது அளந்ததில்ல, பேரை வச்சு போட்ட கணக்கு. சரி மலத்துல பியூட்டிரேட்டையே நேரா அளந்திருந்தா? அதுவும் பெருசா உதவாது, தயாராகற பியூட்டிரேட்ல பெரும்பகுதியை குடல் செல்லுங்க உறிஞ்சிடும், வெளிய வர்றது மிச்சம் மீதிதான். போதாததுக்கு மலத்துல இருக்கற கூட்டமும் சளிப்படலத்தை ஒட்டி வாழ்ற கூட்டமும் ஒண்ணு இல்ல, தடுப்புக்கு முக்கியமானது பின்னது.

இன்னொண்ணு ரொம்ப பேருக்கு தெரியாது. மலம் எவ்ளோ இறுகி இருக்கு, குடல்ல எவ்ளோ நேரம் தங்கிச்சுங்கறதைப் பொறுத்து பாக்டீரியா பட்டியல் பயங்கரமா மாறும். பெல்ஜியத்துல 2016ல வந்த பெரிய ஆய்வுல பாத்த அத்தனை காரணிகள்லயும் மலத்தோட கெட்டித்தன்மைதான் முதல் இடத்துல நின்னுச்சு. இறுகலா, மெதுவா போறவங்களுக்கு பாக்டீரியா வகை அதிகமா தெரியும். அப்போ ரிப்போர்ட்ல "பன்முகத்தன்மை அருமை"ன்னு பச்சை கலர் வந்தா அது ஆரோக்கியமா, மலச்சிக்கலா? ஆப் இதைக் கேக்கவே இல்ல. சாம்பிளோட சேர்த்து நிரப்பச் சொன்ன கேள்வித்தாள்ல ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களான்னு மட்டும் இருந்துச்சு. வலி மாத்திரை? ஆஸ்பிரின், இண்டோமெத்தசின் மாதிரி மாத்திரைங்க குடல் ஊடுருவலை, அதாவது பொருள்கள் குடல் சுவரைத் தாண்டி உள்ள போறதை, கூட்டும்ங்கறது பழைய, உறுதியான சங்கதி. அசிடிட்டி மாத்திரை? அது வாயில இருக்கற பாக்டீரியாங்களை குடல்ல அதிகமாக்கி பட்டியலையே மாத்தும். மது, கடுமையான உடற்பயிற்சி, இதுவும் கேக்கல. தடுப்பைப் பத்தி ஸ்கோர் போடறவங்க இதைக் கேக்காம விட்டது அலட்சியம்னுதான் சொல்வேன்.

ரிப்போர்ட்டோட கடைசி பக்கத்துல "கூடுதல் கட்டணத்தில் சோனுலின்"னு ஒரு ஆஃபர் இருந்துச்சு. இதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா லீக்கி கட், அதாவது கசியற குடல்னு பேச ஆரம்பிச்சா எல்லாரும் கடைசில இங்கதான் வந்து நிப்பாங்க. சோனுலின் டைட் ஜங்ஷனைத் தளர்த்தற ஒரு புரோட்டீன், அலெஸ்ஸியோ ஃபஸானோ குழு 2000ல அறிவிச்சாங்க, 2009ல அது ப்ரீ ஹாப்டோகுளோபின் 2ன்னு அடையாளம் காட்டினாங்க. சீலியாக் நோயில (கோதுமைல இருக்கற குளூட்டன் ஒத்துக்காம வர்ற குடல் நோய்) இதுக்கு பங்கு இருக்குன்னும் சொன்னாங்க. அது வரைக்கும் சரி. ஆனா சந்தையில பரவலா விக்கற சோனுலின் எலைசா (ஆன்டிபாடி வச்சு புரோட்டீனை அளக்கற முறை) கிட்டுங்க அந்தப் புரோட்டீனையே பிடிக்கறதில்ல, வேற ஏதோ புரோட்டீனைப் பிடிக்குதுன்னு 2018லயும் அதுக்கப்புறமும் தனித்தனி ஆய்வுங்க வந்தாச்சு. எதை அளக்கறோம்னே உறுதியா தெரியாத ஒரு டெஸ்டுக்கு கூடுதல் காசு வேற கேக்கறாங்க. நான் எடுக்கல.

குடல் ஊடுருவலை நேரா பாக்கற டெஸ்ட் இல்லவே இல்லன்னு நினைக்காதீங்க. லாக்டுலோஸ், மேனிடால்னு ரெண்டு சர்க்கரையைக் கரைச்சு குடிக்க வச்சு சில மணி நேரம் சிறுநீரைச் சேர்த்து ரெண்டும் எந்த விகிதத்துல வெளிய வருதுன்னு பாப்பாங்க, மேனிடால் சின்னது சுலபமா போகும், லாக்டுலோஸ் பெருசு, தடுப்பு தளர்ந்தாத்தான் அதிகமா போகும். இந்த வகை டெஸ்டை வச்சுத்தான் கனடால ஆரம்பிச்ச ஒரு பெரிய ஆய்வுல, க்ரோன்ஸ் நோயாளிகளோட கூடப்பிறந்தவங்க பிள்ளைங்கன்னு ஆரோக்கியமா இருந்த 1,420 பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க, அதுல 50 பேருக்கு பின்னாடி க்ரோன்ஸ் வந்துச்சு, ஆரம்பத்துலயே ஊடுருவல் அதிகமா இருந்தவங்களுக்கு வாய்ப்பு கூடுதலா இருந்துச்சு. 2020ல வந்த முடிவு. நோய் வர்றதுக்கு முன்னாடியே தடுப்பு தளர்ந்திருக்குன்னு இது சொல்லுது, முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனா ஊடுருவல் அதிகம் இருந்தவங்கள்லயும் பெரும்பாலானவங்களுக்கு நோய் வரல, அதையும் சேர்த்துத்தான் படிக்கணும். ஆப்காரங்க இந்த ஆய்வைக் காட்டித்தான் பயமுறுத்தறாங்க, அந்த ரெண்டாவது பாதியை மட்டும் காணோம்.

அடுத்து அக்கர்மேன்சியா. என் ரிப்போர்ட்ல இது "மிகக் குறைவு"ன்னு சிவப்பு. அக்கர்மேன்சியா மியூசினிஃபிலா 2004ல நெதர்லாந்து வாகனிங்கன்ல கண்டுபிடிச்ச பாக்டீரியா, இது சாப்பிடறதே நம்ம சளிப்படலத்தைத்தான். தடுப்பைத் தின்னற பாக்டீரியா எப்படி தடுப்புக்கு நல்லதுன்னு தோணும், ஆனா எலியில அது சளி உற்பத்தியைத் தூண்டி படலத்தைத் தடிப்பாக்குச்சுன்னு 2013ல காட்டினாங்க. மனுஷங்ககிட்ட 2019ல பெல்ஜியத்துல நடந்த சின்ன சோதனைல, 32 பேர் முடிச்சாங்க, சூடு பண்ணிக் கொன்ன அக்கர்மேன்சியா கொடுத்தவங்களுக்கு இன்சுலின் உணர்திறன் மேம்பட்டுச்சு, உயிரோட கொடுத்ததை விட கொன்னது நல்லா வேலை செஞ்சதுதான் அதுல வேடிக்கை. இன்னொரு பக்கம் 2016ல ஒரு எலி ஆய்வு: நார்ச்சத்தே இல்லாத உணவு கொடுத்தா அக்கர்மேன்சியா மாதிரி சளி தின்னற பாக்டீரியாங்க ஓவரா பெருகி படலத்தையே அரிச்சிடுச்சு, அதுக்கப்புறம் ஒரு நோய்க்கிருமியை விட்டா சுலபமா உள்ள புகுந்துடுச்சு. பார்க்கின்சன்ஸ் நோயாளிகள்கிட்ட இது அதிகமா இருக்குன்னும் பல ஆய்வுல வந்திருக்கு. அப்போ அதிகம் நல்லதா குறைவு நல்லதா? நீங்க என்ன சாப்பிடறீங்க, மத்த பாக்டீரியா யாரு, மலம் மெதுவா போகுதா (மெதுவா போறவங்களுக்கு இது கூடுதலாத்தான் தெரியும்) இத்தனையும் பாக்கணும். சிவப்பு பச்சைன்னு கலர் அடிக்க முடியாத விஷயத்துக்கு கலர் அடிச்சிருக்காங்க.

கேப்ஸ்யூலுக்கு வருவோம். "உங்களுக்காகவே"ன்னு சொன்னாலும் என் வீட்ல இன்னொருத்தருக்கு வேற மாதிரி ரிப்போர்ட் வந்து வந்த கேப்ஸ்யூல் லேபிளும் என்னோடதும் அச்சு அசல் ஒண்ணு. சரி போகட்டும். லேபிள்ல லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபேக்டீரியம்னு இனப்பேரோட நிறுத்திட்டாங்க, ஸ்ட்ரெயின் பேரு இல்ல. ப்ரோபயோடிக்ல இதுதான் உயிர்நாடி. லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜின்னா அது ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெயின், அதுல கிடைச்ச முடிவு வேற ராம்னோசஸுக்குப் பொருந்தணும்னு அவசியமில்ல. அந்த லாக்டோபேசில்லஸ்ங்கற இனத்தையே 2020ல 25 இனமா பிரிச்சு பேரு மாத்திட்டாங்க, லேபிள்ல பழைய பேருதான். எண்ணிக்கை கோடிக்கணக்குல போட்டிருக்கு, ஆனா "தயாரிக்கும்போது"ன்னு பொடி எழுத்துல. காலாவதி தேதி வரைக்கும் எத்தனை உயிரோட இருக்கும்னு போடணும், அதுதான் நமக்கு வேணும்.

குறைவுன்னு ரிப்போர்ட்ல சொன்ன ஃபீகாலிபேக்டீரியம், ரோஸ்பூரியா ரெண்டுமே கேப்ஸ்யூல்ல இல்ல! ஃபீகாலிபேக்டீரியம் ஆக்சிஜன் பட்டா செத்துடற ஜாதி, சாதாரண கேப்ஸ்யூல்ல அடைக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல, அது புரியுது. ஆனா நோய்னு ஒண்ணைக் காட்டிட்டு மருந்துன்னு வேற ஒண்ணை நீட்டினா எப்படி. கஸ்டமர் கேர்ல கேட்டேன், "இந்த பாக்டீரியாக்கள் நல்ல சூழலை உருவாக்கி உங்கள் பாக்டீரியாக்களை வளர உதவும்"னு பதில் வந்துச்சு. கொள்கை அளவுல நடக்கக்கூடியதுதான், பிஃபிடோ தயாரிக்கற அசிடேட்டை (அதுவும் ஒரு கொழுப்பு அமிலம்தான்) வச்சு மத்தவங்க பியூட்டிரேட் செய்வாங்க. உங்க கேப்ஸ்யூல்ல அது நடந்ததுக்கு ஆதாரம் இருக்கான்னு திருப்பிக் கேட்டேன், ரேட்டிங் கொடுங்கன்னு லிங்க் வந்துச்சு.

ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிஞ்ச உடனே இதை எடுத்துக்கங்கன்னு ஆப் நோட்டிஃபிகேஷன் அனுப்புது. இஸ்ரேல் வைஸ்மன் நிறுவனத்துல 2018ல வந்த ஆய்வு படிச்சா இது யோசிக்க வேண்டிய அறிவுரை, அங்க ஆன்டிபயாடிக்குக்கு அப்புறம் 11 ஸ்ட்ரெயின் கலந்த ப்ரோபயோடிக் கொடுத்தவங்களுக்கு அவங்களோட சொந்த பாக்டீரியாக் கூட்டம் திரும்ப வர்றது சும்மா இருந்தவங்களை விட தாமதமாச்சு. அதே குழு, ப்ரோபயோடிக் சிலருக்கு குடல்ல ஒட்டுது, சிலருக்கு ஒட்டாம அப்படியே வெளிய போகுதுன்னும் காட்டினாங்க. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவ சங்கமும் 2020 வழிகாட்டுதல்ல பெரும்பாலான செரிமானப் பிரச்சனைக்கு ப்ரோபயோடிக்கை பரிந்துரைக்க போதிய ஆதாரம் இல்லன்னுட்டாங்க, குறைமாசக் குழந்தைங்க, பௌச்சைட்டிஸ் (பெருங்குடலை எடுத்துட்டு ஆபரேஷன்ல செஞ்சு வைக்கற குடல் பைல வர்ற அழற்சி), ஆன்டிபயாடிக் எடுக்கறப்போ வர்ற சி.டிஃபிசில்ங்கற குடல் தொற்றைத் தடுக்கறதுன்னு சில இடத்துக்கு மட்டும் குறிப்பிட்ட ஸ்ட்ரெயினுங்களை நிபந்தனையோட சொல்லியிருக்காங்க. எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சவங்க, கீமோ எடுக்கறவங்க டாக்டரைக் கேக்காம இந்த மாதிரி உயிருள்ள கேப்ஸ்யூல் பக்கமே போகாதீங்க, அபூர்வமா ரத்தத்துல தொற்று ஆன சம்பவங்க இருக்கு. இந்த எச்சரிக்கை டப்பால எங்கயும் இல்ல, இதுக்கு மட்டுமே ஒரு ஸ்டார் குறைக்கறேன்.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, ஆரம்பத்துல உப்புசம் கூடுச்சு, அப்புறம் அடங்குச்சு, மத்தபடி பெரிய வித்தியாசம் எதுவும் சொல்லத் தெரியல. அதே சமயம் சாப்பாட்டையும் மாத்தியிருந்ததால எது எதனாலன்னு பிரிக்கவும் முடியாது, ஒரு ஆளு அனுபவத்தை வச்சு நீங்க முடிவெடுக்காதீங்க.

இந்த சர்வீஸ்ல எனக்குப் பிடிச்சது உணவு அறிவுரைப் பகுதி, அதுல காசு வராததாலயோ என்னவோ அதைக் கடைசி டேப்ல ஒளிச்சு வச்சிருக்காங்க. நார்ச்சத்தை பல வகையில இருந்து எடுங்க, மெதுவா கூட்டுங்க, புளிக்க வச்ச உணவு சேருங்க, பாக்கெட் பொருள்ல இருக்கற எமல்சிஃபையரை (எண்ணெயும் தண்ணியும் பிரியாம இருக்க சேர்க்கற பொருள்) குறைங்கன்னு சுருக்கமா அழகா எழுதியிருக்காங்க. எமல்சிஃபையர் விஷயம் 2015ல எலியில தொடங்கினது, கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் கொடுத்தா பாக்டீரியா சளிப்படலத்துக்குள்ள நுழைஞ்சு லேசான அழற்சி வந்துச்சு. 2022ல மனுஷங்ககிட்ட 16 பேரை வச்சு 11 நாள் சோதனை, அதுல அந்தப் பொருள் சாப்பிட்டவங்கள்ல ரெண்டு பேருக்கு பாக்டீரியா குடல் சுவரை நெருங்கி வந்திருந்துச்சு, எல்லாருக்கும் இல்ல. ஸ்டான்ஃபோர்டுல 2021ல 36 பேரைப் பிரிச்சு 10 வாரம் பாத்ததுல புளிக்க வச்ச உணவு நிறைய எடுத்தவங்களுக்கு பாக்டீரியா வகை கூடி ரத்தத்துல 19 அழற்சி புரோட்டீன் குறைஞ்சுச்சு. நார்ச்சத்து கூட்டின குழுவுக்கு அந்தக் காலத்துக்குள்ள வகை கூடல, அழற்சிலயும் எல்லாரும் ஒரே மாதிரி இறங்கல, ஆரம்பத்துல இருந்த பாக்டீரியாக் கூட்டத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுச்சு. ஆப் இந்த சங்கடமான பாதியையும் மறைக்காம எழுதியிருக்கு, இந்தப் பகுதியை எழுதினவரையே முதல் திரையையும் எழுத விட்டிருக்கலாம்.

வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: ஆர்வத்துக்கு, உள்ள யாரு குடியிருக்கான்னு பாக்கற ஆசைக்குன்னா வாங்குங்க, பட்டியலைப் பாக்க சுவாரசியமா இருக்கும், ஸ்கோரை மட்டும் கண்டுக்காதீங்க. வயித்துல நிஜமாவே தொந்தரவு இருந்து வாங்கறதா இருந்தா வேண்டாம். மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, ராத்திரி தூக்கத்துல எழுப்பற வயித்துப்போக்கு, ரத்தசோகை இதுல எது இருந்தாலும் நேரா டாக்டர்கிட்ட போங்க. அவங்க கால்ப்ரொடெக்டின்னு ஒரு டெஸ்ட் எழுதுவாங்க, அதுவும் மல டெஸ்ட்தான், ஆனா அது நியூட்ரோஃபில்னு சொல்ற வெள்ளை அணுக்கள் குடலுக்குள்ள வந்திருக்கான்னு நேரா அளக்குது. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்கு கீழன்னா குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி, 200, 250ஐத் தாண்டினா மேற்கொண்டு பாக்கணும், நடுவுல இருந்தா திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க. வலி மாத்திரை சாப்பிட்டாலும் இது ஏறும், மறக்காம சொல்லிடுங்க. அழற்சி அபாயம்னு பெருசா எழுதின இந்தக் கிட்ல அழற்சியை நேரா அளக்கற இந்த டெஸ்ட் இல்லங்கறதுதான் எனக்கு ஆறவே இல்ல. 2024 கடைசில பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைலயும் டாக்டர் பரிந்துரை இல்லாம ஆளுங்க தாங்களே இந்த மைக்ரோபயோம் டெஸ்ட் எடுக்கறதை ஊக்குவிக்க வேண்டாம்னுதான் இருக்கு.

மார்க் போடணும்னா கிட்டுக்கு அஞ்சுக்கு நாலு, படிக்கற கட்டுரைங்களுக்கு மூணரை, பேரியர் ஸ்கோருக்கு ஒண்ணு, கேப்ஸ்யூலுக்கு ஒண்ணரை.

கடைசியா கன்சென்ட் ஃபார்ம். மலத்துல பாக்டீரியா டிஎன்ஏ மட்டும் இல்ல, உதிர்ந்த குடல் செல்லுங்க வழியா உங்க சொந்த டிஎன்ஏவும் கொஞ்சம் இருக்கும். "ஆராய்ச்சிக்கும் கூட்டாளி நிறுவனங்களுக்கும் பகிரலாம்"ங்கற பெட்டியில டிக் ஏற்கனவே போட்டே வருது, சாம்பிள் அனுப்பறதுக்கு முன்னாடியே அதை எடுத்துடுங்க. மிச்ச சாம்பிளையும் டேட்டாவையும் அழிச்சிடுங்கன்னு மெயில் போட்டா அழிப்பாங்க, நான் போட்டேன், சீக்கிரமே அழிச்சுட்டோம்னு பதில் வந்துச்சு. சந்தாவை நிறுத்தறதுக்குத்தான் ஆப்ல பட்டனே இல்ல, அதுக்கும் மெயில்தான், அடுத்த மாச டப்பா கிளம்பறதுக்குள்ள போட்டுடணும்.